கதவு பூட்டின பிறகு விழுந்த தொப்பிகள்

போன கிழமை தொடங்கி என்ரை போன் ஓயேல்லை. ஒஷாவாவிலை அந்தப் பழைய ஐஸ் ஹொக்கிக்காரரைத் திருப்பியும் ஆஸ்பத்திரியிலை சேர்த்திருக்கினம் எண்டு செய்தி வந்ததுதான் தாமதம், ரக்சி ஓடுற ஆக்கள், பேக்கரிக்கார ஆக்கள், கோயிலிலை ஒருக்கால் முகம் பாத்த ஆக்கள், எல்லாரும் எடுக்கினம். "அண்ணை, நீங்கள்தானே அண்டைக்கு அவரோடை ஐசிலை நிண்டது? அவர் விழுந்தவராமே?" ஒருத்தர் விழுந்தவர் எண்டுறார். இன்னொருத்தர், நான்தான் சனத்தைத் தொப்பி எறியவிடாமல் பண்ணி எல்லாத்தையும் பாழாக்கினனான் எண்டுறார். உவையிலை அரைவாசிப்பேர் அண்டைக்கு அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை.

நான் வேலை செய்த அரீனாவிலை, ஐஸ் விளையாட்டு அரங்கிலை, இப்ப வேலை செய்யிற பிள்ளையளும் கேட்டுப்போட்டினம், அங்கிள், நடந்ததை ஒருக்கால் எழுதித் தாங்கோவன் எண்டு. சரி, எழுதிறன். வாசிச்சாப் பிறகு ஒருத்தரும் எனக்குப் போன் எடுத்து வேறை கதை சொல்லக்கூடாது.

அவரின்ரை பேரை எழுதமாட்டன். அப்பா இருக்கிற நிலைமையிலை பேப்பர்க்காரர் வாசலிலை வந்து நிக்கவேண்டாம் எண்டு அவரின்ரை மகள் எலன் கேட்டுக்கொண்டவா. பேர் தேவையுமில்லை. ரொறன்ரோவிலை ஹொக்கி பாக்கிற எங்கடை ஆக்கள் அவரைச் 'சாய்ஞ்சான்' எண்டுதான் சொல்லுறது. ஐசிலை வளைஞ்சு திரும்பேக்கை மனிசன் இடப்பக்கம் அப்பிடிச் சாய்வார். இந்தா விழப்போறார் எண்டு பாக்கிறவைக்கு நெஞ்சு பதறும். விழமாட்டார். அந்தப் பேரை வைச்சது யோகன், என்ரை மனிசியின்ரை தமையன். ரக்சி ஓடுறவன், ஹொக்கிப் பைத்தியம். ஆட்டம் நடக்கிற நேரத்திலை வீட்டிலை சாவு விழுந்தாலும் இடைவேளைக்குத்தான் எழும்புவான்.

எனக்கு ஹொக்கி விளங்காது. இதை நான் பகிடிக்குச் சொல்லேல்லை. ரிற்றையர் ஆகுமட்டும் ஸ்காபரோவிலை, வோபர்னுக்குக் கிட்ட, ஒரு சிற்றி அரீனாவிலை ஐஸ் போட்டனான். ஆனா எப்ப விசில் ஊதுவினம், ஏன் ஊதுவினம் எண்டு இண்டைக்கும் தெரியாது. ஸ்கேற் பண்ணவும் தெரியாது. ஆணி வைச்ச சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்துதான் ஒரு ஆயுள் வேலையைச் செய்து முடிச்சனான்.

அகதியாய் வந்து, கோப்பை கழுவி, பேந்து அரீனாவிலை குப்பை கூட்டுற வேலை கிடைச்சது. கூட்டிக்கொண்டு நிண்ட என்னை ஐஸ் பக்கம் இழுத்துவிட்டவர் டோயில், எங்கடை ஃபோர்மன். நியூபவுண்லாந்துத் தீவு மனிசன். வாய் திறக்கிறது அருமை. ஏதும் வேணுமெண்டால் நாடியாலை காட்டுவார். ஐஸ் போடுற மெசினைக் காட்டவேணுமெண்டால் நாடி மெசின் பக்கம் போகும், நான் போகவேணும். பிழை விட்டால் பேசமாட்டார். குப்பை கூட்டுற தும்புத்தடியைக் கொண்டுவந்து என்ரை கையிலை வைச்சிட்டுப் போயிடுவார். பேச்சு வாங்கியிருந்தாலும் பரவாயில்லை எண்டு கிடக்கும். நான் ஓட்டி முடிச்சாப் பிறகு கையுறையைக் கழட்டி, முழங்காலிலை குந்தி, உள்ளங்கையை ஐசிலை வைச்சுப் பாப்பார். "குட்" எண்டால் வீட்டை போகலாம். "எகெயின்" எண்டால் திருப்பி ஓட்டவேணும்.

ஐஸ் போடுறது எண்டால் தண்ணியை ஊத்திவிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறது எண்டு நினைக்கினம். ஸ்கேற் பண்ணின ஐஸ் கீறல் விழுந்து கிடக்கும். மெசினுக்குக் கீழை இருக்கிற கத்தி அந்த மேல்தோலைச் சீவிக்கொண்டு போகும். சீவின தூளை மெசின் விழுங்கும். பின்னாலை இழுபடுற துணி சுடுதண்ணி பூசிக்கொண்டு வரும். பச்சைத்தண்ணி ஊத்தினால் அது பழைய ஐசோடை ஒட்டாமல் பொருக்கு மாதிரி மேலை நிக்கும். சுடுதண்ணிதான் பழசைக் கொஞ்சம் கரைச்சு, அதோடை சேர்ந்து இறுகும். ஓட்டி முடிஞ்சால் ஐஸ் கண்ணாடி மாதிரி மினுங்கும். பாக்கிறவைக்கு அதுதான் வடிவு. எங்களுக்கு அதுதான் ஆபத்து, தண்ணி இன்னும் இறுகேல்லை எண்டு அர்த்தம். மினுக்கம் அடங்கி ஐஸ் மங்கலாகுமட்டும் ஐசுக்குள்ளை இறங்கிற கதவு திறக்கக்கூடாது. பிரதம மந்திரி வந்து நிண்டாலும் திறக்கக்கூடாது எண்டது டோயில் வாய் திறந்து சொன்ன ஒண்டிரண்டு விசயத்திலை ஒண்டு.

மற்றது தொப்பி. ஒரு ஆட்டத்திலை ஒருத்தர் மூண்டு கோல் போட்டால், பாக்க வந்த சனம் தலையிலை கிடக்கிற தொப்பியைக் கழட்டி ஐசுக்குள்ளை எறியும். இஞ்சத்தே வழக்கம் அது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. முதல் தரம் கண்டது ஒரு பொடியன்களின்ரை லீக் ஆட்டத்திலை. சனம் எழும்பிக் கத்துது, நாலு பக்கத்தாலையும் சாமான் பறக்குது. நான் கலவரம் எண்டு நினைச்சு மெசினுக்குப் பின்னாலை போய்ப் பதுங்கிட்டன். எங்கடை ஊரிலையிருந்து வந்தவன் வேறை என்னத்தை நினைக்கிறது? டோயில் வந்து பாத்தார். சிரிக்கேல்லை. ஒரு பெரிய பையைக் கையிலை தந்து, நாடியாலை ஐசைக் காட்டினார்.

தொப்பியைக் கெதியாய்ப் பொறுக்கவேணும். தலையின்ரை சூட்டோடை விழுறது, ஐசை இளக்கி ஒட்டிக்கொண்டுபோடும். இழுத்தெடுத்தால் அந்த இடம் சொரசொரப்பாய் நிக்கும். ஸ்கேற்றின்ரை அலகு அதிலை மாட்டினால் இருபது வயசுப் பொடியனே குப்புற விழுவான். அண்டைக்குப் பொறுக்கி முடிஞ்சாப் பிறகு, என்ரை தலையிலை கிடந்த சிற்றித் தொப்பியைத் தட்டிவிட்டு டோயில் சொன்னார்: "சனம் எறியும். நாங்கள் பொறுக்கிற ஆக்கள். உன்ரை தொப்பி உன்ரை தலையிலைதான் இருக்கவேணும்." அவர் செத்துப்போய் வருசக்கணக்காச்சு. நான் அந்தச் சொல்லை மீறேல்லை, ஒரு நாளைத் தவிர.

சாய்ஞ்சானை எனக்குத் தெரியவந்தது அவர் விளையாட்டை விட்டாப் பிறகு. எங்கடை அரீனாவிலைதான் அவர் சின்னனிலை ஸ்கேற் பழகினவராம். காலமை பள்ளிக்கூடப் பிள்ளையள் வரமுன்னம் தனிய வருவார். கதவடியிலை வந்து நிப்பார். நான் திறக்குமட்டும் ஒரு வார்த்தை அவசரப்படுத்தமாட்டார். ஊரே தனக்குப் பின்னாலை ஓடின மனிசன், என்ரை ஐஸ் இறுகுமட்டும் பொறுமையாய் நிப்பார். அதுக்காகவே எனக்கு அவரைப் பிடிச்சது. எப்பிடிச் சுகம் எண்டு கேக்கமாட்டார். "ஐஸ் எப்பிடி, அருள்?" அவ்வளவுதான். ஒப்புக்கு நல்லம் எண்டு சொல்லித் தப்பேலாது. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்து எந்த மூலையிலை என்ன பிழை எண்டு சொல்லுவார்.

பேந்து நடுக்குவாத வருத்தம் வந்தது. முதல் கை நடுங்கினது. பிறகு நடை. கதவடியிலை கிடக்கிற றப்பர் விரிப்பிலை வந்து நிண்டால், ஆரோ காலைப் பசை போட்டு ஒட்டிவிட்ட மாதிரி, அடி எடுத்து வைக்க ஏலாது. நான் தோள் குடுப்பன். பிடிச்சுக்கொண்டு நிப்பார், முகம் சிவந்துபோகும். ஆனா ஸ்கேற்றின்ரை அலகு ஐசிலை பட்டால் போதும், மனிசன் போயிடுவார். நடக்கேலாத மனிசன் வழுக்கிக்கொண்டு போவார், சாய்வார், திரும்புவார். நான் அதை ஒரு விண்டர் முழுக்க என்ரை கண்ணாலை கண்டனான். அதுக்குப் பிறகு அவர் தனிய இருக்கேலாமல் பிக்கரிங்கிலை இருக்கிற மகளிட்டைப் போயிட்டார்.

நான் ரிற்றையர் ஆகிற வருசம், அவரின்ரை நிலைமை மோசம் எண்டு கதை வந்தது. அவரை விரும்பிற சனமெல்லாம் சேர்ந்து, உயிரோடை இருக்கேக்கையே ஒருக்கால் முகத்துக்கு முன்னாலை நிண்டு கைதட்டவேணும் எண்டு முடிவெடுத்தினம். எங்கை? அவர் பழகின இடத்திலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெள்ளையள், எங்கடை ஆக்கள், சீனாக்காரர், தோளிலை பேரப்பிள்ளையளோடை வந்த கிழவர்கள். இருக்க இடமில்லாமல் படியிலும் சனம். மகள் எலன் தீர்மானிச்சது இதுதான்: கதவிலையிருந்து நடு ஐஸ் வரைக்கும் சிவப்புக் கார்பெற் விரிக்கிறது, சக்கரநாற்காலியிலை தள்ளிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுவாறது.

உடுப்பு மாத்திற அறையிலை அவர் இருந்தார். வத்திப்போனார். ஆனா மடியிலை ஸ்கேற் சோடி கிடந்தது. என்னைக் கண்டதும், "ஐஸ் எப்பிடி, அருள்?" எண்டார். குரல் காத்து மாதிரித்தான் வந்தது.

"நல்லம். ஆனா கார்பெற் போட்டிருக்கு," எண்டன்.

"எடு அதை."

"அப்பா, இதைப் பற்றிக் கதைச்சு முடிச்சாச்சு," எண்டா எலன். என்னட்டைத் திரும்பினா. "வீட்டிலை போன மாதமும் விழுந்தவர். அந்தக் கதவுப்படியைத் தாண்டச் சொல்லிப் பாருங்கோ, தாண்டேலாது."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா ஐசிலை போவார். நான் கண்டனான்."

"டொக்ரரும் சொன்னவர், சிலருக்கு அப்பிடி நடக்குமாம். ஆனா நீங்கள் கண்டது முந்தி. இப்ப விழுந்து இடுப்பு உடைஞ்சால் ஆர் பொறுப்பு? ஆயிரம் சனத்துக்கு முன்னாலை அவர் விழுகிறதையோ நான் பாக்கவேணும்?" கண் கலங்கிப்போச்சு அவவுக்கு. அவ சொன்னதிலை ஒரு பிழையும் இல்லை. அதுதான் கஷ்டம்.

அவர் மகளைப் பாக்காமல் என்னைப் பாத்தார். "நான் இஞ்சை நாற்காலியிலை வர வரேல்லை," எண்டார். ஒரு பிச்சைக் குரலும் இல்லை அதிலை.

எனக்கு என்ன வந்துதோ தெரியாது. "நான் ஒரு பக்கம் ஆணிச் சப்பாத்தோடை வாறன். நீங்கள் மற்றப் பக்கம் ஸ்கேற்றோடை வாங்கோ. விழுந்தால் என்னிலை விழட்டும்," எண்டன் எலனிட்டை. அவ தகப்பனின்ரை மடியிலை கிடந்த ஸ்கேற்றைப் பாத்தா. பேந்து, "ஹெல்மெற் போட்டால்தான்," எண்டா. அவர் அதுக்கு வேண்டாம் எண்டு தலையாட்டினார். அவ கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. கடைசியிலை அவர்தான் ஹெல்மெற்றுக்குக் கையை நீட்டினார்.

நான் போய்க் கார்பெற்றை இழுத்தால் வரேல்லை! விழாக்காரர் அவசரத்திலை, நான் ஓட்டி முடிச்ச கையோடை, மினுக்கம் அடங்கமுன்னமே கதவைத் திறந்து விரிச்சிருக்கினம். ஐசோடை சேர்ந்து இறுகிப்போச்சு. பிய்ச்சு இழுத்தால் சிவப்புத் தும்பு வழிநீட்டுக்கு ஐசிலை நிக்குது. அதுக்கு மேலாலை அவரைக் கூட்டிக்கொண்டு போறதோ? மைக்கிலை நிண்டவரிட்டைப் போய், இன்னும் கொஞ்சம் பேசுங்கோ, நான் திருப்பி ஓட்டவேணும் எண்டன். அந்த மனிசன் மணிக்கூட்டைப் பாத்தார். "மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ, ஐசைப் பாருங்கோ," எண்டுபோட்டு மெசினிலை ஏறிட்டன்.

சீவி, சுடுதண்ணி பூசி, ஓட்டி முடிச்சுக் கதவைப் பூட்டினன். சனம் கைதட்டி அவசரப்படுத்துது. விசில் அடிக்குது. நான் கதவிலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு நிண்டன். அப்பதான் யோகன் ஓடிவந்தான், கையிலை பழைய தொப்பி.

"மச்சான், கோலடியிலை ஒருத்தரும் நிக்கக்கூடாது என்ன? நாங்கள் எல்லாரும் ஒரேயடியாய் எறியப்போறம்."

"என்னத்தை எறியப்போறியள்?"

அவன் சொன்னான். சாய்ஞ்சானின்ரை கடைசி ஆட்டத்திலை அவர் ரெண்டு கோல் போட்டவராம். மூண்டாவதும் உள்ளை போக, சனம் தொப்பியைக் கழட்டிக் கையிலை எடுத்திட்டுது. றெஃபரி வந்து கோல் செல்லாது எண்டுபோட்டாராம். எல்லாரும் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டை போச்சினம். அந்தக் கோபம் இண்டைக்கும் ஆறேல்லை. இண்டைக்கு அவருக்கு முன்னாலை ஒரு பக் போடுவினம், அதுதான் ஹொக்கியிலை அடிக்கிற கறுப்பு றப்பர் வட்டு. அதை அவர் வெறுங் கோலுக்குள்ளை தட்டிவிடுவார். அதுதான் மூண்டாவது கோல். உடனை தொப்பி.

"உங்களுக்கு விசரோடா? ஒரு தொப்பி அவரின்ரை ஸ்கேற்றுக்குள்ளை அம்பிட்டால் மனிசன் முடிஞ்சார்! அன்பெண்டு சொல்லிக் கொல்லப்போறியளோ?"

"எத்தினை வருசமாய்க் கையிலை வைச்சிருக்கிறம் தெரியுமே உனக்கு? உனக்கு ஹொக்கியும் தெரியாது, ஒரு கோதாரியும் தெரியாது."

"ஓமடா, தெரியாது. ஐஸ் தெரியும். அவர் வெளியிலை போய் இந்தக் கதவு பூட்டுற சத்தம் கேக்குமட்டும் ஒரு தொப்பி விழக்கூடாது. கேட்டாப் பிறகு உன்ரை தலையையும் கழட்டி எறி."

அவன் என்னை முறைச்சுப் பாத்தான். பேந்து தன்ரை தொப்பியைப் பாத்தான். திரும்பிப் படியிலை ஏறினான். மைக்கிலை சொன்னால் அவருக்கும் கேட்டுப்போடும். அதாலை காதோடை காதாய், ஒரு வரிசையிலையிருந்து மற்ற வரிசைக்கு அந்தச் சொல் போறதை நான் கீழை நிண்டு பாத்தன். குனிஞ்சு கேக்கினம், தலையாட்டினம், அடுத்த ஆளிட்டைத் திரும்பினம். சிலர் கையை விரிச்சுக்கொண்டு சண்டை பிடிச்சினம். எல்லாரும் கேப்பினமோ எண்டு எனக்கு நம்பிக்கையில்லை.

மினுக்கம் அடங்கிச்சுது. கையுறையைக் கழட்டி உள்ளங்கையை வைச்சுப் பாத்தன். "குட்," எண்டு நானே எனக்குச் சொல்லிப்போட்டுக் கதவைத் திறந்தன்.

றப்பர் விரிப்பிலை வந்து அவர் ஒட்டிப்போனார். கால் எழும்பேல்லை. அரீனா முழுக்கச் சத்தம் அடங்கிப்போச்சு. எலன் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். அவ என்னைப் பாத்த பார்வையை மறக்கமாட்டன். "அவசரமில்லை," எண்டன் நான் அவரிட்டை. "ஐஸ் இறுகுமட்டும் நீங்கள் எத்தினை நாள் நிண்டனீங்கள், அதுமாதிரி நாங்கள் நிக்கிறம்." அவர் மூச்சை உள்ளை இழுத்து, உடம்பை அப்பிடியே இடப்பக்கம் சாய்ச்சார். பாரம் மாறக் கால் கழண்டுது. அலகு ஐசிலை பட்டுது.

போனார். ஐயோ, போனார்! மெதுவாய்த்தான், ஆனா அவர்தான் போனார், நாங்கள் கொண்டுபோகேல்லை. நான் வாத்து மாதிரிப் பின்னாலை ஓடினன். வளைவிலை சாய்ஞ்சார். சனம் ஒரே மூச்சாய் 'ஆ' எண்டுது. கோலுக்கு முன்னாலை பக் கிடந்தது. எலன் நீட்டின ஹொக்கித் தடியைப் பிடிச்ச கை நடுங்கினது. தட்டினார். பக் உருளாமல் தள்ளாடிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி, வலைக்குள்ளை விழுந்துது.

ஒரு தொப்பி விழேல்லை. எல்லாக் கையும் மேலை நிக்குது, எல்லாக் கையிலும் தொப்பி, ஒருத்தரும் விடேல்லை.

அவர் நிமிர்ந்து பாத்தார். வரிசை வரிசையாய்ப் பாத்தார். முகம் மாறிச்சுது. அந்தக் கடைசி ஆட்டத்திலையும் இப்பிடித்தானே சனம் தொப்பியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டது. என்ரை பக்கம் திரும்பி, "இண்டைக்கும் செல்லாதோ, அருள்?" எண்டார்.

"செல்லும், செல்லும்! நான்தான் மறிச்சனான். நீங்கள் வெளியிலை போய்க் கதவு பூட்டினாத்தான் எறிவினம். காலிலை மாட்டிப்போடும்."

என்னை நல்லாய்ப் பாத்தார். பேசப்போறார் எண்டு நினைச்சன். "சரி. உன்ரை ஐஸ்," எண்டார். திரும்பினார். அந்தத் திரும்பல் இருக்கே, ஒரு நடுக்கமும் இல்லை. நேரே கதவடிக்குப் போய், எலனின்ரை தோளைப் பிடிச்சு வெளியிலை இறங்கி, கதவைத் தானே இழுத்து, தாழ்ப்பாளைத் தானே அறைஞ்சு பூட்டினார். அந்தச் சத்தம் கூரையிலை போய் அடிச்சுது.

பேந்து பெய்ஞ்சுது. கறுப்பு, நீலம், வெள்ளை, பின்னின தொப்பி, குழந்தைத் தொப்பி, ஒரு தலைப்பாகைத் துணி கூட. ஐஸ் தெரியேல்லை. யோகன் வருசக்கணக்காய்க் கழுவாமல் வைச்சிருந்த தொப்பியை எறிஞ்சிட்டுக் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். நான் உள்ளை நிண்டுபோனன், கதவை அவர் பூட்டிப்போட்டார் எல்லோ! தலையிலும் தோளிலும் விழுது. பழக்கதோசத்திலை குனிஞ்சு பொறுக்கப் போனனான். ஒண்டு கையிலை எடுத்தாச்சு. அப்ப நிமிர்ந்து, ஐசைச் சுத்தி நிக்கிற கண்ணாடிக்கு அங்காலை பாத்தன். அவர் ஹெல்மெற்றோடை நிண்டு, வாய் திறந்து சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

டோயில் மன்னிக்கட்டும். என்ரை தலையிலை கிடந்த சிற்றித் தொப்பியைக் கழட்டி, என்ரை பலம் முழுக்கச் சேர்த்து எறிஞ்சன். கோலடியிலை போய் விழுந்துது. அவர் கண்ணாடியிலை விரலாலை தட்டினார். நான் பாக்க, நாடியாலை அந்தத் தொப்பியைக் காட்டினார்: போ, போய்ப் பொறுக்கு.

இதுதான் நடந்தது. அவர் விழேல்லை. சனம் எறிஞ்சது. கோல் செல்லும்.

நேற்று எலன் எடுத்தவா. இப்ப ஆக்களை அடையாளம் பிடிக்கிறது குறைவாம், சாப்பாடும் குறைவாம். ஆனா நான் வரலாமாம். கட்டிலடியிலை போய் நிண்டால் அவர் என்னத்தைக் கேப்பார் எண்டு எனக்குத் தெரியும். கேக்கேலாமல் போனாலும் நான் சொல்லத்தான் போறன். ஒப்புக்குச் சொன்னால் அவருக்குத் தெரிஞ்சுபோடும். அதாலை நாளைக்கு விடிய முதல் அரீனாவுக்குப் போறன். பிள்ளையள், கதவைத் திறந்து விடுங்கோ. கையை வைச்சுப் பாத்திட்டுத்தான் ஒஷாவா பஸ் ஏறுவன். ஐசை நல்லாய்ப் போட்டு வையுங்கோ.